எர்ணாவூர் மேம்பாலத்தில் சந்தித்த இரண்டு வண்டிகள்

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் இல்லத்தில் வெள்ளம். அறிவிப்புப் பலகையில் போன வாரமே ஒட்டிவிட்டார்கள். பதினொன்றரைக்கு வெள்ளம் வடிந்துவிடும். பன்னிரண்டுக்கு சூப். தக்காளி சூப்பா பட்டாணி சூப்பா என்பதை மட்டும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் இருப்பது கனடாவில், மனிடோபா மாகாணத்து ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், உரிமம் பெற்ற முதியோர் இல்லத்தில். மகன் செந்தில் வீட்டில் பதினான்கு படிகள். என் முழங்கால்களுக்கு ஒன்பதுக்கு மேல் உடன்பாடில்லை. ஆகவே இங்கே வந்து சேர்ந்தேன். இந்த ஊர் ஆறு பனி உருகும் காலத்தில்தான் கரை மீறுமாம். இப்போது ஐப்பசி பிறக்கப் போகிறது, ஆறு பிள்ளைப்பூச்சி மாதிரிக் கிடக்கிறது. இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை வெள்ளம் வந்தே தீர வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருந்தால் இவர்கள் அப்படியே செய்துவிடுகிறார்கள். முப்பது வருடம் அரசு வேலை பார்த்த எனக்கு இது பழக நாளாயிற்று.

ஒத்திகைக்கு முந்தின நாள் ஜாய் என் அறைக்கு வந்தாள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், இல்லத்தின் பாதுகாப்புப் பொறுப்பு அவளுடையது. ஒவ்வொருவருக்கும் ஒரு பை உண்டு. மூன்று நாளைக்கு உடுப்பு, மருந்து, மாற்றுக் கண்ணாடி, பெயரும் நோயும் எழுதிய மணிக்கட்டுப் பட்டை. ஜாய் பையைத் திறந்தாள். மாத்திரைகளை எண்ணினாள். ஒரு மாத்திரை குறைந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மனதுக்கு ஆறுதலான ஒரு பொருள்" என்று அவள் பட்டியலில் கடைசி வரி. அதைக் காலியாக விட்டிருந்தேன்.

"இங்கே எதுவும் இல்லையே, மிஸ்டர் ராஜ்?"

"வேண்டாம் ஜாய். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை."

"காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாள்.

கோபமே இல்லாமல், மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். காலி இடங்களுக்குக் கீழே என் வாழ்நாளில் எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன்! கையில் அகப்பட்ட பழைய பேனாவைப் பைக்குள் போட்டேன். அவள் 'பேனா' என்று எழுதி, கையெழுத்திட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

2

அந்தப் பேனாவில் ஒரு காலத்தில் பச்சை மை இருந்தது.

நான் ராயபுரத்துப் பையன். எனக்கு ஆறு வயது மூத்தவள் சரோஜா அக்கா. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இறால் உரித்து என்னை எம்.ஏ. வரை படிக்கவைத்தவள். அவள் விரல் இடுக்குகளில் எப்போதும் வெடிப்பு இருக்கும். சோறு பிசையும்போது எரியும், ஊதிக்கொண்டே பிசைவாள். அந்த விரல்களின் புண்ணியத்தில் நான் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியானேன். முதியோர் இல்லங்களைப் பார்வையிட்டு உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் வேலை. வட சென்னை முழுதும் என் எல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். மகள் விமலா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். அதன்பின் அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் தாய்மாமன் நான்தான். காது குத்து, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, கல்யாணம், எதுவானாலும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் ஒழுங்காகச் செய்த காரியங்கள் கொஞ்சம், அவற்றையும் ஓர் ஓரமாக எழுதி வைக்கலாமே என்றுதான்.

முதியோர் இல்லம் நடத்துவதற்குப் பேரிடர்த் திட்டம் ஒன்று வேண்டும். வெள்ளம் வந்தால் யார் யாரை எழுப்புவது, எந்த வண்டி, எந்த வழி, ஏழு நாள் மருந்து எந்தப் பெட்டியில், எந்த மாற்றிடத்துக்குப் போவது, வெள்ளம் வடிந்தபின் எதையெல்லாம் சோதித்துத் திரும்புவது என்று பதினோரு பக்கம். நல்ல விதிகள். படித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் அந்தப் பதினோரு பக்கத்தையும் எடை பார்த்தேன். கனமாக இருந்தால் 'திருப்தி'. மெலிந்திருந்தால் 'குறிப்பிட்ட திருத்தங்களுக்கு உட்பட்டுத் திருப்தி'.

யாரும் எனக்கு எதுவும் கொடுத்துக் கையெழுத்து வாங்கவில்லை. அப்படி வாங்கியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு காரணமாவது இருந்திருக்கும். நான் வெறும் சோம்பேறி. நல்ல பெயரெடுத்த சோம்பேறி. என் மேசையில் கோப்பு தங்காது என்று மேலதிகாரிகள் பாராட்டுவார்கள்.

3

எண்ணூரில் ஓர் இல்லம், திருவொற்றியூரில் ஓர் இல்லம். பெயர்களை எழுதவில்லை. இரண்டு பெயரிலும் அன்புக்கும் கருணைக்கும் குறைவில்லை என்பது மட்டும் போதும். இரண்டு கோப்பும் ஒரே காரணத்தால் நின்றன. மாற்றிடம் இல்லை. பள்ளிக்கூடம் கேட்டால் விடுமுறை நாளென்றால் சாவி யாரிடம் என்கிறார்கள். கல்யாண மண்டபம் கேட்டால் முகூர்த்த நாளில் முடியாது என்கிறார்கள். இரண்டு இல்லத்து மேலாளர்களும் ஒரே நாளில் என் அறைக்கு வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. நினைத்துப் பார்க்கையில் இன்றும் உடம்பு கூசுகிறது. அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏன் இவ்வளவு கஷ்டம்? உங்க மாற்றிடம் அவங்க இல்லம். அவங்க மாற்றிடம் உங்க இல்லம். ஆளுக்கொரு சம்மதக் கடிதம் கொடுங்க, முடிஞ்சது."

"சோக்கா கீது சார்!" என்றார் எண்ணூர் மேலாளர். திருவொற்றியூர்க்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். டீ வந்தது. ஒரே கடலோரம், இடையில் சில கிலோமீட்டர், இரண்டுக்கும் பின்னால் அதே கால்வாய், மழை வந்தால் இரண்டிலும் அதே தண்ணீர். எல்லாம் எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் பிறந்தவன். பூகோளம் தெரிந்திருந்தது. கோப்பு முடிய வேண்டியிருந்தது. இரண்டு கோப்பிலும் கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன்.

மருந்துப் பெட்டியையும் பார்வையிட்டேன். திருவொற்றியூர் இல்லத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, மேலே செஞ்சிலுவை. பூட்டியிருந்தது. சாவி உரிமையாளரிடம், அவர் வெளியூரில். 'பார்வையிடப்பட்டது, திருப்தி' என்று எழுதினேன். பெட்டியைப் பார்வையிட்டது உண்மைதானே.

அடுத்த மாதம் அதே இல்லத்தின் ஆண்டு விழாவுக்குப் போனேன். என் சட்டையில் 'சிறப்பு விருந்தினர்' என்று ரோஜா நிற பேட்ஜ் குத்தினார்கள்.

4

ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். செந்தில் கனடாவுக்குக் கூப்பிட்டான். அக்காவுக்கோ மூச்சிழுப்பு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. விமலா காலையில் கன்டெய்னர் கம்பெனிக்கு வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்புவாள்.

"திருவொற்றியூர்ல ஒரு ஹோம் இருக்கு. லைசென்ஸ் உள்ளது. நானே பார்த்தது" என்றேன்.

"நீங்க பாத்ததுன்னா சரி மாமா" என்றாள் விமலா.

ஆம், அதே இல்லம். உரிமம் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், என் அக்காவை அங்கேயே கொண்டுபோய் விட்டேன். ஏன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்தைப் பார்த்து நானே நம்பிவிட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கம்பீரம்.

நான் விமானம் ஏறிய பின்பு ஒரு பெருமழை. தொலைக்காட்சியில் படகுகள் தெருவில் போயின. இரண்டு நாள் யாரும் தொலைபேசியில் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விமலா வீடியோவில் வந்தாள், அரசு மருத்துவமனையிலிருந்து. போனை அக்கா முகத்துக்கு நேரே பிடித்தாள். அக்காவுக்கு மூக்கில் குழாய். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்திருந்தது.

"தம்பி, கேளுடா இந்தக் கூத்த. தண்ணி கட்டில் ஒசரம் வந்துச்சா, எங்க எல்லாரையும் வேன்ல ஏத்திகினு எண்ணூர் ஹோமுக்குப் போறோம்னான் டிரைவரு. வேனுக்குள்ள இடுப்பு வரிக்கும் தண்ணி. தண்ணியா அது, கலீஜ், எண்ணெ நாத்தம். எர்ணாவூர் பாலத்து மேல ஏறினப்பறம்தான் மூச்சே வந்துச்சு. பாத்தா எதுத்தாப்ல ஒரு வேன் வந்துகினு கீது. உள்ள பூரா எங்கள மாதிரியே கெழங்கட்டைங்க!"

இருமினாள். விமலா தண்ணீர் கொடுத்தாள்.

"எங்காளு எறங்கி, 'இன்னா மாமு, எங்க போய்கினு கீற?'ங்கிறான். அவன், 'உங்க ஹோமுக்குத்தான் மாமு, எங்க சைடு ஃபுல்லா முழுகிச்சு'ங்கிறான். 'டேய், நான் உங்க ஹோமுக்குத்தாண்டா வந்துகினு கீறேன்!' அவன் பேப்பர எடுத்துக் காட்றான், இவன் பேப்பர எடுத்துக் காட்றான். ரெண்டுலயும் ஒரே சீலு. பாலத்து மேல நின்னுகினு பேப்பர ஆட்டி ஆட்டி சண்ட போட்டானுங்க பாரு, நாங்க உள்ள உக்காந்து சிரிச்சே செத்தோம்."

"யாருமே உதவிக்கு வரலையா அக்கா?"

"குப்பத்து ஆளுங்கதான் தார்பாய் கட்டி டீ குடுத்தாங்க. சாயங்காலம் வரிக்கும் அங்கியே. எனுக்கு இழுக்க ஆரம்பிச்சிடுச்சா, வேன்ல மருந்துப் பொட்டி கீதுன்னு ஆயா ஒடச்சா. உள்ள இன்னா இருந்துச்சு தெரியுமா? பேட்ஜு! ரோசு கலர்ல, ஆண்டு விழா பேட்ஜு. சிறப்பு விருந்தினராம். எங்க ஆயா ஒண்ண எடுத்து எனுக்குக் குத்திவுட்டா. நான்தாண்டா பாலத்துல சிறப்பு விருந்தினர்."

நான் சிரிக்க முயன்றேன்.

"எல்லாரும் பயந்துகினு இருந்தாங்க. நான் சொன்னேன், 'பயப்படாதீங்க, என் தம்பி பெரிய ஆபீசரு, அவன் பாத்து சரின்னு சொன்ன எடம் இது, எதுனா வழி இருக்கும்'னு."

பிறகு, சிரிப்பு அடங்கி, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஆமா, யாருடா இந்தப் பிளான் போட்டவன்?"

சொல்லியிருக்கலாம். அக்கா சிரித்திருப்பாள், அல்லது காறித் துப்பியிருப்பாள். இரண்டுமே எனக்கு நல்லது.

"விசாரிக்கிறேன் அக்கா" என்றேன்.

பதினோராம் நாள் அவள் இறந்தாள். நுரையீரலில் சளி என்றார்கள். அடக்கத்தை செந்தில் வீட்டில் குளிர்க்கோட்டு மாட்டிய நாற்காலியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பக்கத்தில் பேரன் காதில் பாட்டுக் கருவியோடு நின்று, "ஹூ இஸ் தட், தாத்தா?" என்றான். "அக்கா" என்றேன். அந்தச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. "ஓகே" என்று சொல்லிப் போய்விட்டான்.

5

விமலா விடுகிற ஜாதியில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். முதலில் 'கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று பதில் வந்தது. அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும், நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அவள் மேல்முறையீடு செய்தாள். அப்புறம் இன்னொன்று. சனிக்கிழமை நகல்கள் வந்து சேர்ந்தன. உடனே எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

மூன்று தாள்கள். எண்ணூர்த் திட்டத்தின் கடைசிப் பக்கம், திருவொற்றியூர்த் திட்டத்தின் கடைசிப் பக்கம், வெள்ளத்துக்குப் பிந்தைய மீட்பு அறிக்கை. அறிக்கையில் 'உயிரிழப்பு: இல்லை' என்றிருந்தது. பொய்யில்லை. அக்கா இறந்தது மருத்துவமனையில், இல்லத்தில் அல்ல. அந்த நெளிவும் எனக்குப் பின்னால் வந்தவர் என்னிடம் கற்றதுதான்.

கீழே விமலா எழுதியிருந்தாள்: "மாமா, கையெழுத்து மட்டும் இருக்கு, பேர் இல்ல. நீங்க அந்த ஆபீஸ்ல இருந்தவர்தானே. யாருன்னு பாத்துச் சொல்லுங்க."

பச்சை மை நகலில் கறுப்பாகத்தான் விழும். இருந்தாலும் ஒருவனுக்குத் தன் கையெழுத்து தெரியாமல் போகுமா? 'தெளிவாக இல்லை, பெரிதாக அனுப்பு' என்று பதில் போட்டேன். பெரிதாக அனுப்பினாள். 'இன்னும் சரியாக விழவில்லை' என்றேன். ஞாயிறும் திங்களும் இப்படியே போயின.

6

செவ்வாய்க்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வெள்ளம் வந்தது. மணி அடித்தது. எனக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். எனக்கு அது தேவையே இல்லை. இங்கே சேர்ந்த அன்று, மாநிலக் கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனவன் நான் என்று பெருமையாகச் சொன்னேன். இங்கத்து ஆங்கிலத்தில் அதற்கு மயங்கி விழுவது என்று பொருளாம், அந்த வழக்கம் உண்டு என்று கோப்பில் ஏறிவிட்டது. திருத்தச் சொன்னால் மருத்துவர் சான்றிதழ் கேட்கிறார்கள். படித்ததற்கான தண்டனை என்று ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பேருந்து எங்களை ஆற்றுக்கு அக்கரையில் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனது. ஏறும்போது எண்ணினார்கள். இறங்கும்போது எண்ணினார்கள். ஜாய் கையில் அவரவர் விவரத்தாள். 'அவசரத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பலாமா?' என்ற கேள்விக்கு எனக்கு 'இல்லை' என்று குறியிட்டிருந்தது. செந்தில் போட்டது, பக்கத்தில் 'படிகள்' என்று காரணமும் எழுதியிருக்கிறான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. அக்காவின் தாளில் அதே கேள்விக்கு 'இல்லை' என்று போட்ட நான் காரணம்கூட எழுதவில்லை.

"ஜாய், வெள்ளம் வந்தால் நாம் இங்கே வருகிறோம். இந்த இடத்திலேயே தண்ணீர் வந்தால்?"

அவள் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தாள். "பக்கத்து ஊர் மண்டபம். அது இன்னொரு ஆற்றுப் பள்ளத்தாக்கு."

"அந்த மண்டபத்துக்காரர்களுக்கு ஆபத்து வந்தால்? நம் இல்லத்துக்கு வருவார்களா?"

"இல்லையே. அப்படி வைத்தால் இரண்டு பேரும் நடுவழியில் அல்லவா நிற்க வேண்டியிருக்கும்?" என்றாள். "ஏன் கேட்கிறீர்கள்?"

அவளுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். எம்.ஏ. எல்லாம் கிடையாது.

"சும்மா" என்றேன்.

7

சூப்புக்குப் போகவில்லை. அறைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே விமலாவை அழைத்தேன். அங்கே ராத்திரிச் சோறு முடிந்திருக்கும் நேரம்.

"இன்னா மாமா, சாப்ட்டீங்களா? குளிரு எப்டி கீது?"

"விமலா, அந்தக் கையெழுத்து..."

"தெரிஞ்சுதா யாருன்னு?"

"என்னுதும்மா."

அந்தப் பக்கம் தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போவது கேட்டது.

"ரெண்டுமா?"

"ரெண்டும். ஒரே நாள்ல. அவங்கள மாத்தி மாத்தி எழுதச் சொன்னதே நான்தான். பெட்டியையும் திறந்து பாக்கல."

"தெரியும் மாமா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மூணாங்கிளாஸ்லேர்ந்து பன்னெண்டாங்கிளாஸ் வரிக்கும் என் ரேங்க் கார்டுல இருந்தது இந்தக் கையெழுத்துதான். ஒரு இழுப்பு இழுத்து நடுவுல ஒரு சுழி. கணக்குல முப்பத்தஞ்சு வாங்குனப்போ உங்களுக்கு பயந்துகினு நானே இத்தப் போட்டுகீறேன், டீச்சருக்கே தெரியல. எனுக்குத் தெரியாதா? கவர ஒடச்சதும் தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கேட்ட?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். மூணு நாளா 'பெருசா அனுப்பு, பெருசா அனுப்பு'ன்னு சொல்லிகினு கீறீங்க. இன்னும் எத்தினி பெருசா அனுப்புறது? போஸ்டர் அடிச்சு செவுத்துல ஒட்டவா?"

அழுதேன். கேட்கக் கூடாத ஒன்றையும் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் மாமா. இப்ப எனுக்கு அதெல்லாம் வரல. வந்தா சொல்றேன்." அவள் குரல் ஒருமுறை உடைந்து சரியானது. "மொதல்ல ஒண்ணு கேளுங்க. அந்த பேப்பர் இன்னும் அப்டியேதான் கீது. லைசென்ஸ் புதுப்பிச்சப்போ அத்தயே ஜெராக்ஸ் எடுத்து வெச்சுகீறாங்க. எண்ணூருக்கு திருவொத்தியூரு, திருவொத்தியூருக்கு எண்ணூரு. நேத்து நான் போய்ப் பாத்தேன். அம்மா கட்டில்ல இப்போ வேற ஒரு பாட்டி படுத்துகினு கீது. ஐப்பசி பொறக்கப் போவுது மாமா. மழ வந்தா மறுபடி அதே பாலந்தான்."

"என்ன செய்யணும், சொல்லு."

"மனு எழுதுங்க. உங்க ஆபீஸ் தமிழ்ல எழுதுங்க, அப்பதான் அவங்களுக்குப் புரியும். யாரு யோசன, யாரு கையெழுத்து, பொட்டில இன்னா இருந்துச்சு, எல்லாம் எழுதுங்க. நான் எழுதுனா யாரோ பொம்பள கத்துதுன்னு ஓரமா வெச்சிடுவாங்க. போட்டவனே எழுதுனா வெக்க முடியாதுல்ல?"

"என் மேல விசாரணை வரும் விமலா."

"வரட்டுமே. அம்மா கேட்டப்போ விசாரிக்கிறேன்னு நீங்கதான சொன்னீங்க. போனப் புடிச்சிகினு நின்னது நாந்தான்."

வைத்துவிட்டாள்.

பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தேன். பச்சை மை காய்ந்து எத்தனையோ காலம். ஜாயிடம் சாதாரண நீலப் பேனா ஒன்று வாங்கி, பழையதைப் பையில் திரும்ப வைத்தேன். இல்லாவிட்டால் அவள் பட்டியலில் ஒரு பொருள் குறையும். சாப்பாட்டு நேரம் தாண்டி உட்கார்ந்து எழுதினேன். நாலு பக்கம். எடை பார்க்க அல்ல, படிக்க. கீழே இழுப்பும் சுழியும் போடவில்லை. ராஜமாணிக்கம் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போலக் கோணலாக விழுந்தது. முதல் முறை போடுகிற கையெழுத்து அப்படித்தான் இருக்கும். படம் பிடித்து விமலாவுக்கு அனுப்பினேன். அசல் நாளைத் தபாலில் போகிறது.

அவள் பார்த்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.

யாருடா இந்தப் பிளான் போட்டவன் என்று அக்கா கேட்டாள். விசாரித்து முடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. எங்கள் அலுவலக வழக்கப்படி பார்த்தால் இது தாமதமே இல்லை.